குடியுலாவா, காலாற நடத்தலா?

குழுவினர்க்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமைக்குள் ஓர் இயலை மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும். ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். 2007 ஜூன் 1, சீனாவின் சியாமென் நகரம். ஹாய்சாங் பகுதியில் வரவிருந்த பாராசைலீன் என்ற வேதிப்பொருள் ஆலையை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் மஞ்சள் நாடாவோடு தெருவில் நடந்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'சன்பூ'. சாப்பிட்டபின் சும்மா நடந்துவிட்டு வருவோமே, அது. ஊர்வலம் என்றால் 1989-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். நடப்பதற்கு யாரைக் கேட்பது? இப்போதைக்கு 'நடைப் போராட்டம்' என்று போட்டிருக்கிறேன்.

—

தம்பி, 'குடியுலா' என்று வையுங்கள். உலவு, உலா இரண்டும் ஒரே வேர். சுற்றி வருதலே அடிப்படைப் பொருள். சோழ மன்னர் மூவரின் பவனியைப் பாடும் மூவருலா தந்த மொழிக்கு இதற்கா பஞ்சம்?

—

ஐயா, மூவருலாவில் உலா வருபவன் அரசன். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவ மகளிர் நின்று பார்ப்பார்கள். சியாமெனில் நடந்தது குடி, நின்று பார்த்தது அரசு. வகுப்பில் உலா என்றால் என் பிள்ளைகள் சாமி புறப்பாடு என்றுதான் நினைப்பார்கள். 'காலாற நடந்துவிட்டு வருகிறேன்' என்று வீட்டில் சொல்கிறோமே, அதைவிட என்ன வேண்டும்?

—

வினையெச்சம் பெயரைத் தழுவாது அம்மா. 'காலாற நடை' பிழை. 'காலாறல்' எனலாம். ஆறுதலின் ஆறும், வழி என்னும் பொருள்தரும் ஆற்றுப்படையின் ஆறும் ஒன்றே என்பது என் துணிபு. வழியில்தானே இளைப்பாறுகிறோம்?

—

காலாறல் என்றால் திண்ணையில் உட்கார்வது ஐயா! அது இருக்கட்டும், ஆலை நின்றதா?

—

அந்த டிசம்பரில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. பிறகு ஆலையை ஜாங்ஜோ நகரின் குலெய் தீபகற்பத்துக்கு மாற்றிவிட்டார்கள். 2015 ஏப்ரலில் அங்கே அந்த ஆலை வெடித்தது.

சரி, 'போராட்டம்' என்பதை எடுத்துவிடுகிறேன். அந்த மக்கள் வாய்விட்டுச் சொல்லாத சொல்லை நான் எழுதினால் அவர்களைக் காட்டிக்கொடுத்தது போலாகும். 2008 ஜனவரியில் ஷாங்காயில் காந்த ரயில் பாதையை எதிர்த்தும், மே மாதம் செங்டுவில் பெட்ரோலிய ஆலையை எதிர்த்தும் இதே பெயரில்தான் நடந்தார்கள். கேட்பவருக்குச் சாதாரணமாகப் பட வேண்டும், நடப்பவருக்குப் பொருள் தெரிய வேண்டும். 'காலாற நடத்தல்' என்றே அனுப்புகிறேன். தனிமடலில் மூவர் இசைந்திருக்கிறார்கள்.

—

நான் இசையவில்லை. அது தொடர், கலைச்சொல் அன்று. நாளை காலாற நடந்தவரை ஒரே சொல்லில் என்னவென்று அழைப்பீர்கள்? உலாவில் 'உலாவினர்' தானே வரும்.