குடியாத்தத்துக் கைத்தறிக் கடையின் இணையப் பக்கத்தில் ஊர் மக்கள் படிக்கும்படி எதை எழுதலாம்?

கேள்வி – குடியாத்தம் கடைக்காரர்

வணக்கம். தந்தையார் காலத்திலிருந்து கைத்தறி லுங்கியும் துண்டும் விற்கும் சிறிய கடையை நடத்தி வருகிறோம். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் கடைக்குப் பக்கம் உண்டு. பண்டிகைக்கு வாழ்த்துப் படமும் மற்ற நாட்களில் லுங்கிப் படமும் போடுகிறோம். லைக் போடுபவர்கள் பெரும்பாலும் எங்கள் உறவினர்களே. மாதக் கட்டணத்துக்குப் பக்கத்தைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன ஒரு நிறுவனமும், எந்த ஊர்க் கடைக்கும் பொருந்தும் வாழ்த்துப் படங்களில் எங்கள் பெயரை ஒட்டிக் கொடுத்ததோடு சரி. ஊர் மக்கள் தாங்களாகவே வந்து படிக்க வேண்டுமானால் எதை எழுத வேண்டும்? எங்களிடம் இருப்பது ஒரு கைப்பேசியும், கடை சாத்திய பிறகு கிடைக்கும் சிறிது நேரமும்தான்.

பதில் – ஆரணி நெசவுக் குடும்பத்தார்

ஐயா, எந்தப் பதிவானாலும், கடையின் பெயரை எடுத்துவிட்டால்கூடக் குடியாத்தத்துக்காரர் ஒருவர் அதைத் தம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவாரா என்று பார்த்துவிட்டு வெளியிடுங்கள். லுங்கிப் படத்தை யாரும் போடமாட்டார்கள். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஊர் திரும்புகிறவர்களுக்கு, தரணம்பேட்டையிலிருந்து கோபாலபுரத்துக்கு அம்மனின் சிரசு (தலை) ஊர்வலமாக வரும் வழியில் எந்தத் தெருக்களில் வண்டி போகாது, எங்கே நிறுத்தலாம், நீர்மோர்ப் பந்தல் எங்கே என்று காவல்துறை அறிவிப்பைச் சரிபார்த்து எழுதினால், அதை அனுப்பாதவர் இருக்கமாட்டார். 1954-இல் முதலமைச்சரான காமராஜர் இடைத்தேர்தலில் நின்று வென்றது உங்கள் தொகுதியில்தான். அந்தப் பிரசாரத்தைச் சிறுவயதில் பார்த்த முதியவர்கள் உங்கள் கடைக்கு வந்தால், உட்காரவைத்து இரண்டு நிமிடம் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். இன்றைய கட்சிப் பேச்சு நுழைந்தால் அதை மட்டும் வெட்டிவிடுங்கள். லுங்கி வாங்க எல்லாக் கட்சிக்காரரும் வர வேண்டும் அல்லவா?

இவற்றுக்கு மேல், வேறு எந்தக் கடைக்கும் இல்லாத செல்வம் உங்களிடம் இருக்கிறது. விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவு நூலை, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளை, நீட்டி, கஞ்சி தோய்த்து, இருபுறமும் ஆட்கள் நின்று இழை ஒட்டாமல் நீவிவிடுவதையும், அறுந்த இழையை ஒருவர் விரல் நுனியால் திரித்து இணைப்பதையும் அருகில் வைத்துப் படமெடுங்கள். பின்னணிப் பாட்டு வேண்டாம். தறியின் சத்தமே போதும். மழை பிடித்துக்கொண்டால் தெருவில் பாவு போட முடியாது, அதனால்தான் ஐப்பசியில் சரக்கு தாமதமாகிறது என்று அந்தப் படத்தோடு எழுதினால், வாடிக்கையாளர் காத்திருப்பதன் காரணத்தைப் புரிந்துகொள்வார். நெசவாளரிடம் அனுமதி கேட்காமல் அவர் முகத்தையோ வீட்டையோ காட்டாதீர்கள். ‘நெசவாளரின் கண்ணீர்’ என்று தலைப்பிடும் வீடியோக்கள் எனக்கு உடன்பாடில்லை. தொழில் தெரிந்தவரைத் தொழில் தெரிந்தவராகவே காட்ட வேண்டும்.

பதில் – காட்பாடி வாசகர்

முதலில் கூகுள் மேப்பில் கடையின் நேரம், வார விடுமுறை, தொலைபேசி எண் ஆகியவை சரியாக உள்ளனவா என்று பாருங்கள். கதவு சாத்தியிருக்கும் நேரத்தில் வெயிலில் வந்து நின்றவர் உங்கள் வீடியோவைப் பாராட்டமாட்டார்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இன்னொரு ஐயம். அசல் கைத்தறியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பலரும் கேட்கிறார்கள். கரையோரத்தில் ஊசித் துளை இருந்தால் கைத்தறி என்று ஒரு வீடியோ சுற்றி வருகிறது. அதையே நாங்களும் சொல்லலாமா?

பதில் – ஆரணி நெசவுக் குடும்பத்தார்

சொல்ல வேண்டாம். நெய்யும்போது துணியின் அகலம் சுருங்காமல் இழுத்துப் பிடிக்கும் கருவியின் முட்கள்தாம் அந்தத் துளைகளை உண்டாக்குகின்றன. விசைத்தறியிலும் அத்தகைய கருவி உண்டு என்பதால் துளையை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. அசல் கைத்தறி என்று காட்ட மத்திய அரசு 2006 முதல் வழங்கும் கைத்தறி முத்திரை (Handloom Mark) எந்தச் சரக்கில் இருக்கிறதோ, அந்த முத்திரைச் சீட்டைப் பெரிதாகப் படமெடுத்துப் போடுங்கள். கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கும் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் லுங்கியும் இருப்பது வாங்குபவர் பலருக்குத் தெரியாது. ஆகஸ்ட் 7-ஆம் தேதி தேசியக் கைத்தறி நாளில் வாழ்த்துப் படத்துக்குப் பதிலாக அதை விளக்கி எழுதலாம். கடையில் விசைத்தறிச் சரக்கும் இருந்தால், இரண்டையும் அருகருகே வைத்து, எது எதுவென்று பெயரும் விலையும் எழுதிப் போடுங்கள். விலையைக் கேட்டு வருபவர்களை ‘இன்பாக்ஸில் வரவும்’ என்று மட்டும் அலைக்கழிக்காதீர்கள். அப்படிச் சொன்னால் ஆளுக்கு ஒரு விலை என்றுதான் நினைப்பார்கள்.