வலியே இல்லாத சொத்தைப் பல்லுக்கு ஃபில்லிங் பண்ணணுமா?

கொங்குநாட்டுப்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். பல்லு க்ளீன் பண்ணலாம்னு போன இடத்துல, கீழ் கடைவாய்ப்பல் ரெண்டுல சொத்தை இருக்கு, ஃபில்லிங் பண்ணிடுங்கன்னு சொல்லிட்டாங்க. ஒரு பல்லுக்கு 1,500 ரூபாயாம். எனக்கு வலி கிலி ஒண்ணுமே இல்லைங்க, கண்ணாடில பாத்தா ஒரு பல்லு மேல கறுப்பா கோடு மாதிரி தெரியுது, இன்னொண்ணுல எதுவுமே தெரியல. அம்மா என்னடான்னா வலிக்காத பல்ல போய் ஏன் குடைஞ்சுக்கற, தொட்டா அப்புறம் ரூட் கெனால்ல, அதான் பல்லு நரம்பையே எடுக்கறதுல தான் கொண்டு போய் விடுவாங்கன்னு ஒரே சத்தம். அப்பா, அடைக்கறதுன்னா சில்வர்ல அடை, எனக்கு அடைச்சது இன்னும் கல்லு மாதிரி இருக்குங்கறார். இப்ப கிளினிக்ல யாரும் சில்வரே போடறதில்லையாமே? யாராவது விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, அடுத்த வாரம் அப்பாயின்ட்மென்ட் இருக்கு.

ராத்திரிஷிப்ட்:
சிஸ்டர் அவசரப்படாதீங்க. எனக்கும் வலி இல்லாம தான் இருந்துச்சு, ஃபில்லிங் பண்ண அன்னைக்கு ராத்திரியில இருந்து கடிச்சா சுளீர்னு இழுத்துச்சு. நல்லா இருந்த பல்ல கெடுத்து விட்டுட்டாங்க. அதுக்கப்புறம் அந்தப் பக்கமே போகல, இன்னைக்கும் ஒரு சைடுல தான் மெல்லறேன்.

பல்வைத்தியன்:
நான் பல் டாக்டர் தான், டெல்டா பக்கம் கிளினிக். கொஞ்சம் பெருசா போகும், டீ வச்சுக்கிட்டு படிங்க.

வலி இல்லைங்கறத வச்சு முடிவு பண்ணாதீங்க. பல்லோட மேல் ஓடு எனாமல், அதுல நரம்பே கிடையாது, அங்க சொத்தை எவ்வளவு நாள் இருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. அதுக்குக் கீழ டென்டின், இது எனாமலை விட மெத்து, சொத்தை இங்க எட்டிட்டா பக்கவாட்டுல பரவ ஆரம்பிச்சிடும். வெளில ஊசி முனை அளவு ஓட்டை, உள்ள குடைஞ்சு கிடக்கும், வண்டு போன மாம்பழம் கதை தான். அதுக்கும் கீழ தான் நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கற பல்ப். ஜில்லுன்னு குடிச்சா கூசி உடனே நின்னுடுதுன்னா பெரும்பாலும் ஃபில்லிங்லயே முடிச்சிடலாம். தண்ணி குடிச்சு முடிச்சும் வலி போகாம விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, ராத்திரி தானா எழுப்புதுன்னா பல்ப் கெட்டுப் போச்சு, அங்க ஃபில்லிங் வேலைக்கு ஆகாது, ரூட் கெனால் இல்லாட்டி பிடுங்கறது. அம்மா பயப்படற ரூட் கெனால் சீக்கிரமா அடைச்சதால வரதில்லை, வலி வரட்டும்னு உக்காந்திருந்தா தான் வருது.

ஆனா கறுப்பா தெரியறதெல்லாம் சொத்தை இல்லைங்க, இதையும் சொல்லணும். கடைவாய்ப்பல் பள்ளத்துல டீ காபி கறை கோடா படிஞ்சிருக்கும், கெட்டியா இருந்தா அதை நோண்டவே கூடாது. சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் திட்டா, ஓட்டை விழாம இருக்கற ஆரம்ப சொத்தையை ஃப்ளோரைடு பேஸ்ட்டை வச்சும் இனிப்பைக் குறைச்சும் அங்கயே நிறுத்திடலாம். ஓட்டை விழுந்துட்டா அது தானா மூடாது, எனாமலைத் திரும்ப வளர்க்க உடம்பால முடியாது.

அதனால நீங்க போய் கேக்க வேண்டியது இது தான், எக்ஸ்ரே எடுத்து எனக்குக் காட்டுங்க டாக்டர்னு கேளுங்க. ரெண்டு பல்லுக்கு இடையில இருக்கற சொத்தை கண்ணாடில தெரியாது, எக்ஸ்ரேல தான் கறுப்பு நிழலா விழும். நிழல் எனாமல் உள்ளயே நிக்குதா, டென்டினுக்குள்ள இறங்கிடுச்சான்னு பாருங்க. இறங்கியிருந்தா அடைச்சிடுங்க, எனாமலோட நின்னா ஆறு மாசம் பொறுத்து திரும்ப பாக்கலாமான்னு தாராளமா கேக்கலாம், நல்ல டாக்டர் கோவிச்சுக்க மாட்டார்.

ராத்திரிஷிப்ட் தம்பி, உங்களுக்கு நடந்தது ஃபில்லிங் ஒரு துளி உயரமா நின்னுருக்கும். மரத்துப்போன வாயில கடிச்சுப் பாக்கும்போது சரியாத் தெரியாது. போய் சொல்லுங்க, கலர் பேப்பரைக் கடிக்க விட்டு புள்ளி அழுத்தமா விழற இடத்தை லேசா தேய்ச்சு விடுவாங்க, அஞ்சு நிமிஷ வேலை. ஜில்லுக்குக் கூசறது ஒண்ணு ரெண்டு வாரம் இருந்து அடங்கிடும், ஆனா கடிச்சா வலிக்கறதை இப்படி நாள்கணக்கா விட்டு வைக்காதீங்க, வேற காரணம் இருந்தாலும் அப்ப தான் தெரியும்.

பழையபேப்பர்:
சில்வர் பத்தி கேட்டீங்களே. அது வெறும் வெள்ளி இல்லை, வெள்ளி, வெள்ளீயம், செம்புப் பொடியைப் பாதரசத்துல குழைச்சது, எடையில பாதி கிட்ட பாதரசம் தான். 2013ல ஜப்பான்ல கையெழுத்தான மினமாட்டா ஒப்பந்தம் பாதரசத்தைக் குறைக்கத் தான், இந்தியாவும் அதுல இருக்கு. ஐரோப்பிய யூனியன்ல 2025 ஜனவரியில இருந்து ரொம்ப அவசியம்னா தவிர போடவே கூடாதுன்னு ஆக்கிட்டாங்க. அதுக்காக அப்பா வாயில நல்லா இருக்கறதைப் போய் தோண்டி எடுக்க வேண்டாம், தோண்டும்போது தான் பாதரச ஆவி அதிகமா கிளம்பும்.

பல்வைத்தியன்:
சரியா சொன்னார். உழைக்கறதுல சில்வரைக் குறை சொல்ல முடியாது, எச்சில் பட்டாலும் பொறுத்துக்கும். ஆனா பல்லுல ஒட்டாது, அது நிக்கறதுக்காக நல்ல பல்லையும் கொஞ்சம் வெட்டி எடுக்கணும். இப்ப போடற பல் கலர் காம்போசிட் ஒட்டும், சொத்தையை மட்டும் எடுத்தா போதும். ஆனா அதுக்கு எச்சில் ஆகவே ஆகாது. நீல ஜெல் ஒண்ணு வைப்பாங்க, ஆசிட் தான், நாக்குல பட்டா புளிக்கும், கழுவி காய வச்சு பசை தடவி, ரெண்டு மில்லிமீட்டர் ரெண்டு மில்லிமீட்டரா அடுக்கு வச்சு ஒவ்வொரு அடுக்குக்கும் நீல லைட் அடிப்பாங்க. நடுவுல எச்சில் பட்டா ஓரத்துல விரிசல் விட்டு அதுக்கடியில மறுபடி சொத்தை ஆரம்பிச்சிடும். எந்த கம்பெனி மெட்டீரியல்னு துருவித் துருவி கேக்கறாங்க, எச்சில் படாம பஞ்சு வச்சாங்களா, ரப்பர் ஷீட் மாட்டினாங்களான்னு யாரும் பாக்கறதில்லை. எனக்கு அது தான் முக்கியம்.

ரெண்டுவாலுஅம்மா:
டாக்டர் குறுக்க வரேன் மன்னிச்சுக்கோங்க, என் பையனுக்கு ஆறு வயசு, பின்னாடி பால் பல்லுல ஓட்டை. விழப்போற பல்லுக்கு எதுக்குங்கறாங்க மாமியார்.

பல்வைத்தியன்:
முன்பல்லுன்னா அவங்க சொல்றதுல நியாயம் இருக்கு. பின்பக்க பால் பல்லு பத்து பன்னெண்டு வயசு வரைக்கும் நிக்கணும்மா, சீக்கிரம் போச்சுன்னா பக்கத்துப் பல்லு சாஞ்சு, கீழ வர்ற பல்லுக்கு இடம் இருக்காது. கிளாஸ் அயனமர்னு ஒண்ணு இருக்கு, கடிக்கற பலம் கம்மி, ஆனா கொஞ்சம் ஈரத்தைத் தாங்கும், ஃப்ளோரைடும் விடும், பசங்களுக்கு அதை நிறைய போடறோம். ஓட்டை பெருசுன்னா மேல கேப் போட வேண்டி வரும். ஊசி போட்டிருந்தா வீட்டுக்குப் போய் உதட்டைக் கடிச்சுக்காம பாத்துக்கோங்க, மரத்துப்போச்சுன்னு விளையாட்டா கடிச்சு புண்ணாக்கிடுவாங்க.

கொங்குநாட்டுப்பொண்ணு:
ரொம்ப நன்றி டாக்டர். எக்ஸ்ரேவை வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லி வாங்கிப் பாத்தேன். வேடிக்கை என்னன்னா கறுப்புக் கோடு இருக்கற பல்லு பரவால்லயாம், கறை தான் போல, ஒண்ணுமே தெரியாத பல்லுல தான் பக்கவாட்டுல நிழல் நல்லா இறங்கியிருக்கு. கறுப்புக் கோட்டை இப்போதைக்கு விட்டுடலாமான்னு கேட்டேன், சரி ஆறு மாசம் கழிச்சு பாப்போம்னுட்டாங்க. அம்மாவும் ஒரு பல்லு தானேன்னு சமாதானம் ஆயிட்டாங்க. ஃபில்லிங் வச்சப்புறம் எவ்வளவு நேரம் சாப்பிடக் கூடாதுங்க? அன்னைக்கு சாயங்காலம் ஒரு வளைகாப்பு இருக்கு.

பல்வைத்தியன்:
காம்போசிட் லைட் அடிச்ச உடனே இறுகிடும், ஒரு நாள் காத்திருக்கறதெல்லாம் சில்வருக்கு. ஊசி போட்டா மரப்பு போக ரெண்டு மூணு மணி நேரம் ஆகும், அது வரைக்கும் மெல்லாதீங்க, சூடாவும் குடிக்காதீங்க. வளைகாப்பு சாதமெல்லாம் தாராளமா சாப்பிடலாம், முறுக்கை மட்டும் அந்தப் பக்கம் வேண்டாம்.

ராத்திரிஷிப்ட்:
டாக்டர், வேற கிளினிக்ல வச்ச ஃபில்லிங்கை நீங்க தேய்ச்சு விடுவீங்களா, இல்ல வச்சவங்க கிட்டயே தான் போகணுமா?

பல்வைத்தியன்:
யார் வேணா பண்ணலாம் தம்பி. பக்கத்துல எது இருக்கோ அங்க போங்க.