ஏப்ரல் 3, பெருங்காமநல்லூர்: எங்கள் குடும்பக் குழுவில் பேசியது

நான்: எல்லோருக்கும் வணக்கம். இந்த ஏப்ரல் 3 அன்று, குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து 1920இல் போலீஸ் சுட்டு இறந்தவர்களுக்கான பெருங்காமநல்லூர் நினைவுத் தூணுக்குப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போவதென்று பொங்கலுக்குக் கூடியபோது பேசியிருந்தோம். வண்டி ஏற்பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். மாலை போட்டோம், படம் எடுத்தோம் என்று திரும்பிவிடாமல், அந்தத் தூண் யாருக்காக, எதற்காக நிற்கிறது என்பது பிள்ளைகள் மனத்தில் பதியும்படி என்ன செய்யலாம் என்று பெரியவர்கள் சொல்ல வேண்டும்.

திருமங்கலம் சித்தப்பா: நல்ல காரியம் அம்மா. அன்றைக்குப் பல ஊர்களிலிருந்தும் மக்கள் வருவார்கள். நம் வகையறாவின் பெயரில் ஒரு பிளக்ஸ் அடித்து வைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். மேலே தியாகிகளுக்கு வீரவணக்கம், கீழே தாத்தாவின் படம், அதற்கும் கீழே நம் எல்லோருடைய பெயர்கள். செலவு என்னுடையது.

சிம்மக்கல் அத்தை: தம்பி, உன் மனசு எனக்குத் தெரியும். ஆனாலும் பிளக்ஸ் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அங்கே உயிரை விட்டவர்களின் பெயர்கள் தூணில் இருக்கின்றன. அவற்றை வாசிப்பதற்குத்தான் நாம் அவ்வளவு தூரம் போகிறோம். அந்தப் பெயர்களுக்குப் பக்கத்தில் நம் முகங்களைப் பெரிதாக நிறுத்தினால், வருகிறவர்களின் கண் எதில் முதலில் படும்? அப்பா உயிரோடு இருந்திருந்தால் தன் படத்தை அங்கே வைக்க ஒருநாளும் சம்மதித்திருக்க மாட்டார்.

பெங்களூர்த் தங்கச்சி: அக்கா, நாங்களும் வருகிறோம். ஒரு கேள்வி இருக்கிறது. தம்பிப்பயலுக்கு வகுப்பில் ஜாலியன்வாலா பாக் பாடம் நடந்திருக்கிறது. நான் பெருங்காமநல்லூரைப் பற்றிச் சொன்னதும், “அது நம் ஊரில் நடந்த சண்டையா, நாட்டுக்கே நடந்ததா?” என்று கேட்கிறான். பெரியப்பா எழுதினால் அப்படியே அவனுக்கு வாசித்துக் காட்டுவேன்.

உசிலம்பட்டிப் பெரியப்பா: பேரனுடைய கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன், பொறுமையாக வாசித்துக் காட்டு. அது நாட்டுக்கே நடந்ததுதான். பிறப்பை வைத்தே ஒரு கூட்டத்தாரைக் குற்றவாளிகள் என்று எழுதிவைக்கும் சட்டத்தை ஆங்கிலேய அரசு 1871இல் முதலில் வடக்கே கொண்டுவந்தது. 1911இல் அதைத் திருத்தி, நம் சென்னை மாகாணம் உட்பட நாடு முழுவதற்கும் விரித்தது. யார் திருடினார், யார் திருடவில்லை என்று அந்தச் சட்டம் பார்க்கவில்லை. இன்ன சாதியார் குற்றப் பரம்பரை என்று அரசிதழில் ஓர் அறிவிப்பு வந்துவிட்டால் போதும். அந்த அறிவிப்பு செல்லாது என்று நீதிமன்றத்தில் கேட்கவும் வழியில்லை. நம் பக்கத்தில் 1914இல் கீழக்குயில்குடியிலிருந்து தொடங்கினார்கள். சில ஆண்டுகளுக்குள் நம் சாதியாரான பிறமலைக் கள்ளர் வாழும் நாடு முழுவதையும் அதற்குள் இழுத்துவிட்டார்கள்.

பத்து விரல் ரேகையையும் பதிய வேண்டும் என்பதால்தான் நம் மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். பதிந்த பிறகு ராத்தங்கல் சொந்த வீட்டில் கிடையாது. இரவில் காவல் நிலையத்திலோ ஊர்த் தலைமைக்காரரிடமோ போய் ஆஜராக வேண்டும். வெளியூருக்கு மாடு வாங்கப் போவதென்றாலும் ராதாரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டு இல்லாமல் போகக்கூடாது. வெள்ளாமை செய்து பிழைத்தவனுக்கும் இதே கதிதான். 1920 ஏப்ரல் 3 அன்று ரேகை பதிய வந்தவர்களிடம் பெருங்காமநல்லூர் மக்கள் கை நீட்ட மறுத்தார்கள். போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். ஜாலியன்வாலா பாக் நடந்தது 1919 ஏப்ரல் 13. அதற்கு ஓராண்டு நிறையப் பத்து நாள் இருக்கும்போது இது நடந்தது. அங்கே சுட்ட அரசும் இங்கே சுட்ட அரசும் ஒன்றுதான் என்று பேரனிடம் சொல்.

சிம்மக்கல் அத்தை: அண்ணன் எழுதியதோடு பெண்கள் பட்டதையும் பிள்ளைகள் கேட்க வேண்டும். மாயக்காள் காயம்பட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனபோது கொல்லப்பட்டவர் என்றுதான் அந்தப் பக்கத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். நம் அப்பத்தா சொல்லி நான் கேட்டிருக்கிறேன்: ஆம்பளைகள் எல்லோரும் இரவுப் பதிவுக்குப் போய்விட, ஊரில் பெண்களும் பிள்ளைகளும் மட்டும் கிடப்பார்களாம், யாருக்காவது பேறுகால வலி வந்தால் வண்டி கட்டக்கூட ஆள் இருக்காதாம். ஒரு வீட்டில் கல்யாணம் முடிந்த அன்று இரவே மாப்பிள்ளை கழுத்து மாலையைக் கழற்றி வைத்துவிட்டு ஆஜராகப் போனாராம். அதைச் சொல்லும்போதெல்லாம் அப்பத்தா அழுதுவிடும்.

திருமங்கலம் சித்தப்பா: அண்ணன், பிள்ளைகள் இன்னொன்றும் கேட்பார்கள். ஊர்க்காரர்கள் கையிலும் ஆயுதம் இருந்ததே என்று சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அதற்கு என்ன சொல்வது?

உசிலம்பட்டிப் பெரியப்பா: மறைக்காமல் சொல்ல வேண்டும் தம்பி. கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எதிர்த்துத்தான் நின்றார்கள். பிறந்த குழந்தை முதற்கொண்டு குற்றவாளி என்று எழுதிக்கொள்ள வந்தவர்களை வேறெப்படி எதிர்கொண்டிருப்பார்கள்? கம்பும் கல்லும் ஒரு பக்கம், துப்பாக்கி மறுபக்கம். இதைச் சொன்னால் அவர்களுடைய பெருமை எந்த வகையிலும் குறையாது.

நான்: பெரியப்பா, எனக்கு உங்கள் வார்த்தை வேண்டும். என் பள்ளியில் உடன் வேலை செய்யும் ஓர் ஆசிரியை, குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர், நாங்கள் போவதைக் கேள்விப்பட்டு, “அது உங்கள் சாதிக்காரர்கள் கும்பிடும் இடம் அல்லவா, நான் வந்தால் யாரும் ஏதும் நினைப்பார்களா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அவருடைய தாத்தாவும் ரேகை வைத்தவராம்.

உசிலம்பட்டிப் பெரியப்பா: அவரைக் கட்டாயம் அழைத்து வா அம்மா. அவருக்கு இல்லாத எந்த உரிமையும் நமக்கு அங்கே இல்லை. இந்தச் சட்டத்துக்குள் குறவர் இருந்தார்கள், ஆப்பநாட்டு மறவர் இருந்தார்கள், வேப்பூர்ப் பறையர் இருந்தார்கள். நாடு முழுவதும் எண்ணினால் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் இருந்தார்கள். பெருங்காமநல்லூரில் விழுந்த 16 பேரும் நம் மக்கள் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால், அவர்கள் எதை எதிர்த்து உயிரை விட்டார்களோ அதில் பாதியை நாமே மறைத்தவர்கள் ஆவோம். நமக்காக வழக்காடியவர் யார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். மதுரையில் வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் ஜோசப் கேரளத்தில் பிறந்த கிறிஸ்தவர். நம் முன்னோர் அவரை ரோசாப்பூ துரை என்று கொண்டாடித் தங்கள் பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்றே பெயர் வைத்தார்கள். பிறகு முத்துராமலிங்கத் தேவர் ஊர் ஊராக இந்தச் சட்டத்தை எதிர்த்துப் பேசினார். பல கைகள் சேர்ந்து இழுத்துத்தான் அது சாய்ந்தது.

திருமங்கலம் சித்தப்பா: சரி அண்ணன். பிளக்ஸ் வேண்டாம். அந்தப் பணத்துக்கு அங்கே வருகிறவர்களுக்கு மோரும் தண்ணீரும் கொடுக்க ஏற்பாடு செய்கிறேன். பங்குனி வெயிலில் பெரியவர்கள் நிறையப் பேர் நடந்து வருவார்கள்.

சிம்மக்கல் அத்தை: நல்ல யோசனை தம்பி. கார்களில் கொடி எதுவும் கட்ட வேண்டாம் என்பதையும் நம் இளவட்டங்களிடம் நீயே சொல்லிவிடு. நீ சொன்னால்தான் கேட்பார்கள்.

பெங்களூர்த் தங்கச்சி: பெரியப்பா, நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன். தூணில் உள்ள பெயர்களைத் தானே சத்தமாக வாசிக்கலாமா என்று கேட்கிறான். இந்தச் சட்டம் எப்போது ஒழிந்தது என்றும் கேட்கிறான்.

உசிலம்பட்டிப் பெரியப்பா: தாராளமாக வாசிக்கட்டும். சென்னை மாகாணத்தில் 1947இல் நீக்கினார்கள். நாடு முழுவதும் ஒழிந்தது 1952 ஆகஸ்ட் 31 அன்று. ஆனால் சென்னை மாகாணத்தில் நீக்கிய அடுத்த ஆண்டே, 1948இல், வழக்கமாகக் குற்றம் செய்வோர் என்று வேறொரு சட்டம் இங்கே வந்துவிட்டது. ஏட்டில் அடித்த பெயர் காவல் நிலையத்தார் மனத்திலிருந்து அழிய இன்னும் பல காலம் பிடித்தது. நான் நம் சமூகப் பிள்ளைகளுக்காக அரசு தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளியில் படித்து, அதே துறையின் பள்ளிகளில் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன். ரேகை வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் கல்லூரிக்குப் போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளிலும் பலருக்கு இந்த வரலாற்றைப் பாடமாக யாரும் சொல்லவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் தீராத வருத்தம்.

பெயர்களை வாசித்து முடித்ததும் வாசிக்க நான்கு வரி எழுதியிருக்கிறேன். குறை இருந்தால் சொல்லுங்கள்:

“பிறப்பால் எவரையும் குற்றவாளி என்று எழுதக்கூடாது என்பதற்காக 1920 ஏப்ரல் 3 அன்று இந்த ஊரில் 16 பேர் உயிர் நீத்தார்கள். இதே சட்டத்தால் நாடெங்கும் பல சமூகத்தார் வீட்டையும் தூக்கத்தையும் மானத்தையும் இழந்தார்கள். அவர்கள் எல்லோரையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறோம். ஒரு மனிதரின் சாதியைக் கேட்டு அவருடைய நடத்தையை முடிவுசெய்ய மாட்டோம்.”

சிம்மக்கல் அத்தை: குறை ஒன்றுமில்லை அண்ணன். மாயக்காள் பெயரை மட்டும் அதில் தனியாகச் சேர்த்துவிடுங்கள்.

உசிலம்பட்டிப் பெரியப்பா: சேர்த்துவிட்டேன். “மாயக்காள் உள்ளிட்ட 16 பேர்” என்று இருக்கட்டும்.

நான்: இதைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக்கொண்டு வருகிறேன். வெயிலுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்பதால் அதிகாலையிலேயே சிம்மக்கல்லில் அத்தையை ஏற்றிக்கொண்டு, செக்கானூரணி வழியாக உசிலம்பட்டி வந்து பெரியப்பாவையும் அழைத்துக்கொள்கிறோம். ஆசிரியை எங்கள் வண்டியிலேயே வருகிறார்.

உசிலம்பட்டிப் பெரியப்பா: பேரனிடம் ஒன்று சொல்லுங்கள். பெயர்களைச் செல்பேசியில் தேடி எடுத்துக்கொண்டு வர வேண்டாம்; தூணில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே பார்த்து, நிறுத்தி நிறுத்தி வாசிக்கட்டும். எழுத்து தெளிவாகத் தெரியவில்லை என்றால் நான் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுக்கிறேன்.