மறு: மருலா மரத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

> ‘காட்டுமா’ என்றே வைக்கலாமே, மா குடும்பம்தானே?

வரைவில் எழுதியிருக்கும் மருலா ஆப்பிரிக்க மரம்; மா குடும்பம் என்பது சரி. ஆனால் காட்டுமா என்ற பெயரை நம் ஊரில் ஏற்கெனவே ஒன்றுக்கு மேற்பட்ட மரங்கள் பங்குபோட்டுக்கொண்டிருக்கின்றன, இதையும் அதில் நுழைத்தால் படிப்பவர் பாடு திண்டாட்டம். ‘ஆப்பிரிக்க மா’வும் ஆகாது. ஆங்கிலத்தில் அப்படி அழைக்கப்படுவது மேற்கு, நடு ஆப்பிரிக்காவின் இர்விஞ்சியா மரம். அது மா குடும்பமே இல்லை; நைஜீரியாவில் ஒக்போனோ குழம்பைக் கொழகொழவென்று கெட்டியாக்குவது அதன் பருப்புதான்.

> யானைக்கனி?

யானை விரும்பித் தின்னும், உண்மை. ஆனால் அந்தப் பெயர் வந்தாலே புளித்த பழம் தின்று யானை தள்ளாடும் கதையும் பின்னாலேயே வரும். 2006இல் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்து, அவ்வளவு பெரிய உடம்புக்கு அது நடக்கிற காரியமில்லை என்று எழுதிவிட்டார்கள். மனிதருக்குப் போதை தருவதென்னவோ உண்மை: எசுவாத்தினியில் (பழைய சுவாசிலாந்து) புகானு, வடக்கு நமீபியாவில் ஒமாகோங்கோ என்ற மது, இரண்டும் இந்தப் பழச்சாற்றைப் புளிக்கவைத்ததே.

ஆகவே மரத்துக்கு மருலா என்பதே போதும். (‘மருளா’ வேண்டாம், மதுவாகும் பழத்துக்கு ‘மயங்காத’ என்று பெயர் வைத்த புண்ணியம் நமக்கெதற்கு!)

எனக்கு உறுத்துவது வேறு. பழம் பச்சையாகவே உதிர்ந்து தரையில் கிடந்து மஞ்சளாகும், தோலைக் கிழித்து சதையைச் சப்புவார்கள், வைட்டமின் சி ஆரஞ்சைவிடப் பல மடங்கு, இதெல்லாம் மருலா பற்றிய வரைவில் சரியாகவே இருக்கிறது. ஆனால் உள்ளே கல்போன்ற கொட்டை, அதில் இரண்டு மூன்று அறை, அறைக்கு ஒரு மூடி, அதற்குள் பாதிக்கு மேல் எண்ணெயாக இருக்கும் பருப்பு. இத்தனையையும் ‘விதை’ என்ற ஒரே சொல்லில் அடைத்தால், நமீபியப் பெண்கள் எதை உடைக்கிறார்கள், எதை இடித்துச் சமையல் எண்ணெய் எடுக்கிறார்கள் என்று எப்படிப் புரியும்? மாங்கொட்டை வேறு, மாம்பருப்பு வேறு என்று நம் வீட்டுப் பேச்சிலேயே பிரிவு இருக்கிறதே. அதே குடும்பத்துச் சாரப்பருப்பையும் யாரும் சாரவிதை என்பதில்லை. என் பரிந்துரை: வன்கொட்டை, அறைமூடி, மருலாப் பருப்பு. ஸ்கிளெரோகாரியா என்ற மருலாவின் பேரினப் பெயருக்கும் கிரேக்கத்தில் வன்கொட்டை என்றுதான் பொருள்.

அப்புறம், ‘ஈரில்லத் தாவரம்’ (ஆண்பூ ஒரு மரத்தில், பெண்பூ வேறு மரத்தில்) என்பதைப் பாடப்புத்தகத்துக்கு விட்டுவிடலாம். ஆண்பனை, பெண்பனை என்கிறோம். ஆண்மருலா காய்க்காது, பெண்மருலா காய்க்கும் என்று எழுதினால் என்ன குறை?