இடுப்புவலிக் குறிப்பேடு: ஒத்தடமா, வெப்பச் சிகிச்சையா?

ரோஸ் ஹில்லிலிருந்து:

அன்பர்களுக்கு வணக்கம். நம் மொரீசியசுத் தீவின் கோயிலில் முதியோருக்கு வழங்கவிருக்கும் இடுப்புவலிக் குறிப்பேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பிரெஞ்சுப் பக்கம் முடிந்துவிட்டது; தமிழ்ப் பக்கத்தில் தலைப்பே இன்னும் அமையவில்லை. வெந்நீர்ப் பை, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணி, மின்சாரச் சூட்டுப் பட்டை, இடுப்பைச் சுற்றி மணிக்கணக்கில் அணிந்துகொள்ளும் வெப்பப் பட்டை ஆகிய அனைத்தையும் அடக்கும் ஒரு பெயர் தேவைப்படுகிறது. ‘வெப்பச் சிகிச்சை’ என்று எழுதியிருந்தேன். சிகிச்சை வடசொல் என்று மெய்ப்புப் பார்த்தவர் அடித்துவிட்டார். இதைப் படிக்கப்போகிறவர்கள் வீட்டில் கிரியோல் பேசி, பள்ளியில் தமிழ் கற்றவர்கள் என்பதை நினைவிற்கொண்டு சொல் தாருங்கள்.

மோக்காவிலிருந்து:

புதுச்சொல்லே தேவையில்லை. சித்த மருத்துவம் வகுத்த முப்பத்திரண்டு புற மருந்துகளுள் கட்டு, பற்று என்பவற்றை அடுத்து வருவதே ஒற்றடம். கட்டு என்பதிலிருந்து கட்டடம் பிறந்ததுபோல ஒற்று என்பதிலிருந்து ஒற்றடம் பிறந்தது; காற்றைக் காத்து என்பவர்களே இதை ஒத்தடம் ஆக்கினார்கள். ஒற்றெழுத்தும், வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கிய ஒற்றனும் இதே வேரினர் என்பது என் துணிபு. ஒட்டியிருந்து உள்ளே இருப்பதை அறிபவன்தானே ஒற்றன்? வெப்பத்தைச் சுட்ட வேண்டுமானால் ‘வெப்பொற்றடம்’ எனப் புணர்த்துக.

கியூர்பிப்பிலிருந்து:

இயன்முறை மருத்துவப் பிரிவில் பணிபுரிபவன் என்ற முறையில் சில ஐயங்கள். வெப்பு என்றவுடன் தேவாரம் கற்ற நம்மவர்க்குச் சம்பந்தர் திருநீறு பூசித் தீர்த்த பாண்டியனின் வெப்பு நோயே நினைவுக்கு வரும். காய்ச்சலுக்கு நெற்றியில் இடும் ஈரத்துணியே வெப்பொற்றடம் என்று கொள்வார்கள். ‘வெதுப்பு’ எனலாம் என்று நினைத்தேன். ஆனால் ஈழத்து நண்பர்களுக்கு வெதுப்பகம் ரொட்டி சுடும் கடை. அன்றியும் ஒற்றுதல் என்பது வைத்து வைத்து எடுப்பது. எட்டு மணி நேரம் இடுப்பிலேயே இருக்கும் பட்டையை எவரும் ஒற்றுவதில்லை.

தலைப்பைவிட எனக்குக் கவலை தருவது ‘இடுப்பு வலி’ என்பதே. பெண்ணுக்கு இடுப்பு வலி கண்டது என்றால் அது பேறுகால வலி. யாழ்ப்பாணத்தார் கீழ்முதுகை நாரி என்பார்கள். அழகிய பழஞ்சொல்தான், எனினும் இங்கே யாருக்கும் விளங்காது. ‘கீழ்முதுகு வலி’ என்றே போடுங்கள். புதிதாகத் தோன்றிய கீழ்முதுகு வலிக்கு மாத்திரைக்கு முன்னர் தோலின்மேல் இடும் வெப்பத்தையும் முயலலாம் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்னும் மருத்துவர் அமைப்பு 2017 இல் பரிந்துரைத்திருப்பதால், இந்தப் பக்கத்தை நம்பிப் பலர் வெந்நீர்ப் பையை எடுக்கக்கூடும். பையைப் பதினைந்து முதல் இருபது நிமிடம் வைத்தால் போதும், தோலுக்கும் பைக்கும் இடையே துண்டு இருக்க வேண்டும், அடிபட்டு வீங்கிய இடத்தில் முதல் இரண்டு நாள் சூடு கூடாது, பட்டையைக் கட்டிக்கொண்டு உறங்கக் கூடாது என்பவற்றைப் பெரிய எழுத்தில் தாருங்கள். நீரிழிவு மிகுந்த நம் தீவில் தோலுணர்ச்சி குறைந்தவர்கள் பலர். அவர்களுக்குச் சுடுவது தெரியுமுன் கொப்புளம் எழும்பிவிடும்.

ரோஸ் ஹில்லிலிருந்து:

எச்சரிக்கைகளைத் தலைப்புக்கு அடுத்தே சேர்த்துவிட்டேன். தனி மடலில் எழுதியவர்களுள் பெரும்பாலோர் ‘சூட்டு ஒத்தடம்’ போதும் என்கிறார்கள். ஒத்தடம் என்று கேட்டாலே துணியைத் தேடும் முதியவர்களுக்கு அதுவே பொருந்தும் என்பது என் கருத்தும் ஆகும். அணியும் பட்டை அதில் முழுமையாக அடங்காது. அதற்கு மட்டும் ‘வெப்பப் பட்டை’ என்று தனியே எழுதுகிறேன். ‘கீழ்முதுகு வலி’யையும் ஏற்றுக்கொண்டேன்.

மோக்காவிலிருந்து:

சூடு, வெப்பம் எதுவாயினும் ஆகுக. றகரத்தை விட்டுக்கொடுக்க இயலாது. ஒத்தடம் என்றே அச்சாகுமானால் நன்றியுரையில் என் பெயரை நீக்கிவிடுங்கள்.