புதுப்பிப்பு: யமஹா ஆர்15 பைக்கின் பின்பக்கத்தை இறக்கிய பிறகு
கால் எட்டவில்லை, லோயரிங் லிங்க் (பின் சஸ்பென்ஷனை இறக்கி வைக்கும் இணைப்புத் துண்டு) போட்டு ஆர்15 வி3-யின் 815 மி.மீ. சீட்டை 25 மி.மீ. இறக்கலாமா என்று கேட்டிருந்தேனே, போட்டாச்சு. சிக்னலில் நிம்மதி, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில்தான் இல்லை. பின்பக்கம் மட்டும் இறங்கினால் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் குழாய்கள்) இன்னும் சாய்ந்து ரேக்கும் (ஸ்டியரிங் அச்சின் சாய்வு) டிரெயிலும் (அந்த அச்சு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) கூடுகிறது, வண்டி வளைவுக்குள் சோம்பலாகத் திரும்பி வெளியே ஓடப் பார்க்கிறது. ஃபோர்க் குழாயைக் கிளாம்பில் (அதைப் பிடித்திருக்கும் பிடி) 10 மி.மீ. மேலே ஏற்றியதும் முன்பக்கமும் இறங்கி அது பெரும்பாலும் சரியாகிவிட்டது. ஆனால் தரை இடைவெளி இன்னும் குறையத்தான் செய்யும். வளைவில் சாயும்போது ஃபுட்பெக் (கால் வைக்கும் கட்டை) முனை முன்பைவிடச் சீக்கிரம் உரசுகிறது. உடம்பை உள்பக்கம் தள்ளி உட்கார்ந்தால் அதே வேகத்துக்குக் குறைவான சாய்வு போதும். அப்புறம் சைடு ஸ்டாண்டைச் சுருக்காமல் விட்டால் வண்டி நிமிர்ந்து நின்று மறுபக்கம் சாயப் பார்க்கும். வெறும் உயரம்தான் பிரச்சினை என்றால் முதலில் சீட் நுரையைச் செதுக்கிப் பாருங்கள், அது ரேக், டிரெயில் போன்ற ஜியோமெட்ரியைத் தொடாது.