முனைவர் பட்ட ஆய்வுக் காலத்தில் உங்களுக்குக் கைகொடுத்தது யார்?

வரலாற்றுத் துறை, 2019இல் சேர்ந்தவர்

தென்மாவட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில் முழுநேர ஆய்வாளராகச் சேர்ந்தேன். ஜே.ஆர்.எஃப். என்ற யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ஆய்வு உதவித்தொகை இருந்தது. அப்போது மாதம் 31,000 ரூபாய். எனக்கு அரசு வேலையே கிடைத்துவிட்ட மாதிரி வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அந்தப் பணம் மாதாமாதம் தானாக வராது என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. வருகைச் சான்றில் கைடிடம், அதாவது ஆய்வு நெறியாளரிடம், கையெழுத்து வாங்கி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அங்கே ‘மேக்கர்’ என்று ஒருவர் அதை, உதவித்தொகையைப் பட்டுவாடா செய்யும் கனரா வங்கியின் தளத்தில் ஏற்றுவார். ‘செக்கர்’ என்று இன்னொருவர் ஒப்புதல் தருவார். இருவரில் ஒருவர் விட்டுவிட்டாலும் அந்த மாதம் பணம் கிடையாது. எங்கள் செக்கர் வேறு பிரிவுக்கு மாறிப் போனார். அடுத்தவருக்கு லாகின் கிடைப்பதற்குள் ஐந்து மாதம் ஓடிவிட்டது. மெஸ் பாக்கிக்காக அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது. நிலுவை மொத்தமாக வந்தது உண்மை. ஆனால் அந்த ஐந்து மாதமும் ஆவணக் காப்பகத்துக்குச் சென்னை போக டிக்கெட் எடுக்கக் கையில் காசில்லை.

நான் சொல்ல வந்தது அதற்கடுத்த ஆண்டு நடந்தது. ஆய்வின் நடுவில் கருவுற்றேன். கைடு நல்லவர்தான், என் மீது அக்கறை உள்ளவர்தான். “பேசாம பார்ட் டைமுக்கு மாத்திக்கோம்மா, உடம்பைப் பாரு” என்றார். அந்த விண்ணப்பத்தை வாங்கத்தான் ஆய்வுப் பிரிவு அலுவலகத்துக்குப் போனேன். உள்ளே போக மனம் வராமல் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அங்கே வேலை பார்க்கும் அக்கா ஒருவர் டீ குடித்துவிட்டு வந்துகொண்டிருந்தார்.

“எத்தனாவது மாசம்?”

“அஞ்சுக்கா.”

“பார்ட் டைம் ஃபாரம் வாங்கவா வந்த? மாறினா ஃபெல்லோஷிப் போயிடும், தெரியுமா?”

எனக்குத் தெரியாது. உள்ளே கூட்டிக்கொண்டு போய், மேசையின் கீழ் இழுப்பறையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் கட்டை எடுத்தார். யுஜிசி 2016 விதிமுறைகள். ஓரமெல்லாம் சுருண்டு, நடுவில் ஒரு வரிக்கு மட்டும் மஞ்சள் கோடு. ஆய்வுக் காலத்தில் ஒருமுறை, மகப்பேறுக்கும் குழந்தை வளர்ப்புக்குமாக 240 நாள் வரை பெண்கள் விடுப்பு எடுக்கலாம். வரியின் பக்கத்தில் பென்சிலால் நான்கு கோப்பு எண்கள் எழுதியிருந்தன. எனக்கு முன்னால் அதே வரியைக் காட்டி விடுப்பு எடுத்த நான்கு பேர். “எழுதிக் குடு, நான் ஃபைல் போடுதேன்” என்றார். மூன்று வாரத்தில் ஆணை வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கப் போனபோது, அந்த வரியின் பக்கத்தில் ஐந்தாவது எண் ஏறியிருந்தது.

அந்த அக்கா இல்லையென்றால் இன்று என் பெயருக்கு முன்னால் முனைவர் என்ற சொல் இருந்திருக்காது. ஆனால் ஐந்து பெண்களுக்கு மட்டும் தெரிந்தால் போதாது. சேரும் நாளிலேயே ஒவ்வொருவர் கையிலும் கொடுத்திருக்க வேண்டிய தாள் அது. 2022 விதிமுறையிலும் அந்த 240 நாள் அப்படியே இருக்கிறது. பெண்களுக்கு ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கக் கூடுதலாக இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. இப்போது படிக்கும் தங்கைகள் தயவுசெய்து குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

வேதியியல், நான்காம் ஆண்டு

எனக்கு ஜே.ஆர்.எஃப். இல்லை. பல்கலைக்கழகம் தரும் சிறு தொகைதான். வினையில் கிடைத்த பொருள் என்னவென்று காட்டும் என்.எம்.ஆர். சோதனைக்கு மாதிரிகளைச் சென்னை ஐஐடிக்கு அனுப்ப வேண்டும். அதற்கான கட்டணம் சில சமயம் என் கையிலிருந்தே போகும். 2023இல் ஒரே வினையை எட்டு மாதம் திரும்பத் திரும்பச் செய்தேன். ரிசல்ட் வந்தால், நான் போட்ட மூலப்பொருளே துளிகூட மாறாமல் அப்படியே இருக்கும். ஆலோசனைக் குழு முன்னால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேச வேண்டுமே, அதில் காட்ட ஒன்றும் இல்லை. தூக்கம் போனது. ஊரிலிருந்து போன் வந்தால் எடுப்பதையே நிறுத்தினேன். நான் இல்லாமல் போனால் யாருக்கு என்ன என்று தோன்ற ஆரம்பித்தது.

லேபில் மூத்த ஆய்வாளர் அக்கா ஒருவர் கவனித்திருக்கிறார். ஒன்றும் கேட்கவில்லை. நான் வினை செய்யும் ஃபியூம் ஹுட் (புகை வெளியேற்றும் பெட்டி) கண்ணாடியில், நான் எழுதிவைத்திருந்த சமன்பாட்டுக்குக் கீழே, மார்க்கரால் 14416 என்று எழுதினார். “டெலி மனஸ், தம்பி. கவர்மென்ட்டோட மனநல உதவி எண். தமிழ்ல பேசலாம். ராத்திரியும் எடுப்பாங்க. நானும் பேசியிருக்கேன்.” கடைசியாகச் சொன்ன அந்த இரண்டு சொல்தான் என்னைப் பேச வைத்தது. அன்று இரவு ஒன்றரை மணிக்குக் கூப்பிட்டேன். எதிர்முனையில் இருந்தவர் முதலில் சாப்பிட்டீர்களா என்றுதான் கேட்டார். பிறகு மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார். போனேன், மாத்திரை எடுத்தேன். சமன்பாடுகள் பலமுறை அழிந்து மாறிவிட்டன. அந்த எண்ணை மட்டும் நான் அழிக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் லேபுக்கு வந்த இருவர் அதைப் பார்த்து என்னவென்று கேட்டார்கள். நானும் பேசியிருக்கிறேன் என்றே சொன்னேன்.

தமிழ்த்துறை, பார்வை மாற்றுத்திறனாளி

வரலாற்றுத் துறை அக்கா சொன்னதைத் திரைவாசிப்பான் வழியாக இரண்டு முறை கேட்டேன். எனக்கும் இதே கதைதான், தாள் மட்டும் வேறு.

நான் பயன்படுத்தும் திரைவாசிப்பான் என்.வி.டி.ஏ. இலவசம், தமிழையும் வாசிக்கும். ஆனால் பழைய ஆய்வேடுகள் பலவும் வெறும் ஸ்கேன் படங்கள். தட்டச்சு செய்தவை என்றாலும் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் இருந்தால் காதில் விழுவது ஆங்கில எழுத்துக் குப்பை. எனவே எனக்கு ஆள்தான் வாசிக்க வேண்டும். எம்.ஏ. படித்த தங்கை ஒருத்தி விடுதி மொட்டை மாடியில் உட்கார்ந்து வாசித்துப் போனில் பதிந்து தருவாள். அடிக்குறிப்பு வந்தால் குரலைத் தாழ்த்துவாள், மேற்கோள் முடிந்தால் ஒரு நொடி நிறுத்துவாள். நான் கேட்டு அவள் செய்ததில்லை, அவளாகவே கண்டுபிடித்தது. ஒன்றரை வருடம் ஒரு பைசா வாங்கவில்லை.

பார்வையற்றவர்களுக்கு வாசிப்பாளர் உதவித்தொகை என்று என் ஃபெல்லோஷிப்பிலேயே தனியாக ஒன்று இருப்பது இரண்டாம் ஆண்டு முடிவில், வேறு ஊர் நண்பர் சொல்லித்தான் தெரிந்தது. துறையிலும் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. கேட்டு எழுதினேன், வந்தது. முதல் தொகையை அவளிடம் கொடுத்தபோது, “வேண்டாம்ணா” என்று மூன்று முறை சொன்னாள். நான்காம் முறை வாங்கி, நெட் தேர்வுக்குக் கட்டணம் கட்டினாள்.

முந்தைய மாதங்களின் நிலுவையையும் கேட்டு எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. இதைப் படிப்பவர்களில் யாராவது நிலுவை வாங்கியிருந்தால், எப்படி எழுதினீர்கள் என்று சொல்லுங்கள். அது வந்தால் அவளுக்குச் சேர வேண்டிய பணம்.